ஒரே எண், இரண்டு முடிவு: கொழுப்புக்கு மாத்திரையா, சாப்பாட்டு மாற்றமா?

மார்த்தாண்டத்தில் ஒரே லேபில், ஒரே காலையில் அத்தானும் நானும் ரத்தம் கொடுத்தோம். அக்காதான் இருவரையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. கெட்ட கொழுப்பு என்று சொல்கிறோமே, அந்த எல்டிஎல் எனக்கு 163. அத்தானுக்கும் 163.

எனக்கு வயது 39. பள்ளிக்கூட வேலை. சுகர் இல்லை, பிரஷர் இல்லை. அத்தானுக்கு 47. வாழைக்குலை வியாபாரம். ஆறு வருடமாக சுகர். சிகரெட்டை விட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. அவருடைய அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனவர்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கே மாத்திரை வாங்கிவிட வேண்டும் என்று நின்றேன். அத்தானோ, "எண்ணெயைக் குறைச்சா தானா இறங்கும். மாத்திரை தொடங்கினா பின்ன ஆயுசுக்கும் விடாது" என்றார். மறுநாள் டாக்டர் எங்கள் இருவரின் விருப்பத்தையும் இடம் மாற்றிப் போட்டார். அத்தானுக்கு அன்றே மாத்திரை. எனக்கு மூன்று மாதச் சாப்பாட்டு மாற்றம், பிறகு மறுபரிசோதனை.

எண் ஒன்றாக இருந்தும் முடிவு ஏன் வேறானது? அதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வாரம் பிடித்தது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாத்திரையா சாப்பாடா என்று குழம்புகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 163 எப்படி வந்தது என்று பார்க்கலாம். பல லேபுகளில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். மொத்தக் கொழுப்பிலிருந்து, நல்ல கொழுப்பு என்று சொல்லும் ஹெச்டிஎல்லைக் கழித்து, ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். எனக்கு மொத்தம் 238, ஹெச்டிஎல் 46, ட்ரைகிளிசரைடு 145. அத்தானுக்கு மொத்தம் 236, ஹெச்டிஎல் 35, ட்ரைகிளிசரைடு 190. இரண்டையும் போட்டுப் பாருங்கள், 163தான் வரும். ஆனால் மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லை மட்டும் கழித்தால் எனக்கு 192, அத்தானுக்கு 201. ட்ரைகிளிசரைடு ஏறி, ஹெச்டிஎல் தாழ்ந்து நிற்கும் இந்த வகை நம் நாட்டில், அதிலும் சுகர் உள்ளவர்களிடம், மிகச் சாதாரணம். அதனால் எல்டிஎல்லோடு இந்த இரண்டாவது கழித்தலையும் பார்ப்பது நல்லது. ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் அந்தச் சூத்திரமே உதவாது. அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு எனக்குத் தேங்காப்பட்டணம் துறைமுகம்தான் நினைவுக்கு வருகிறது. கொழுப்பைச் சுமந்து ரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல் துகள்களைப் படகுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரல்தான் துறைமுகம். ஈரல் செல்களின் மேல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உண்டு. படகு வந்து அணையும் இடங்கள் அவை. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்காக பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவருக்கு 1985ல் நோபல் பரிசு கிடைத்தது. அணையும் இடம் குறைந்தால் படகுகள் கடலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றும் துகள்களில் சில ரத்தக்குழாயின் சுவருக்குள் நுழைந்து தங்கிவிடும். அவற்றைத் தின்ன வரும் வெள்ளணுக்களும் தின்று வீங்கி அங்கேயே கிடக்கும். பல வருடத்தில் அது ஒரு திட்டாகிறது. ஒரு நாள் அந்தத் திட்டு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்தால், அதுதான் மாரடைப்பு. அதுவரை வலி இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. "எனக்கு ஒண்ணும் செய்யலியே" என்று அத்தான் சொன்னது உண்மைதான். ஒன்றும் செய்யாமலே வளர்வதுதான் இதன் குணம்.

இந்த ஏற்பிகளைப் பற்றித் தெரிந்தபோதுதான் என் குழப்பத்தில் பாதி தீர்ந்தது. தேங்காய் எண்ணெய், வெண்ணெய், கொழுப்புள்ள இறைச்சி ஆகியவற்றில் இருக்கும் நிறைகொழுப்பு ஈரலில் ஏற்பிகளைக் குறைக்கிறது. கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ஈரல் தானே கொழுப்புத் தயாரிப்பதைத் தடுக்கிறது. தயாரிப்பு குறைந்ததும் ஈரல் கூடுதலாக ஏற்பிகளை வைத்து ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதாவது சாப்பாடும் மாத்திரையும் வேலை செய்வது ஒரே இடத்தில். சாப்பாட்டுக்கு வலு குறைவு, மாத்திரைக்கு வலு கூடுதல். நம் கொழுப்பில் பெரும்பகுதியை உடம்பே தயாரிப்பதால், சாப்பாட்டை எவ்வளவு ஒழுங்காகத் திருத்தினாலும் ஓர் எல்லைக்கு மேல் எண் இறங்காது.

சாப்பாட்டு வழி

எங்கள் ஊரில் சாப்பாட்டு மாற்றம் என்றால் முதல் சண்டை தேங்காய் எண்ணெய் மேல்தான். அம்மாவிடம் சொன்னதும், "தேங்காண்ணை தின்னு வளர்ந்த உடம்பாக்கும் இது, மக்ளே. அதுக்கு இப்ப என்ன கேடு வந்துச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவியலும் தீயலும் அந்த எண்ணெய் இல்லாமல் அவியலும் தீயலும் ஆகாது.

ஆனால் கணக்கை மறைக்க முடியாது. எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு மாதம் 4 லிட்டர் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஆளுக்கு நாளைக்குச் சுமார் 27 மில்லி. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 80க்கு மேல் நிறைகொழுப்பு. அப்படியென்றால் எண்ணெயிலிருந்து மட்டும் நாளைக்கு 20 கிராம். எல்டிஎல் கூடியவர்களுக்கு மொத்த உணவிலிருந்தும் சேர்த்து 15 கிராம் அளவில் நிறுத்தச் சொல்கிறார்கள். குழம்புக்கு அரைக்கும் தேங்காய் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2020ல் வெளியானது. சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சுமார் 10 கூட்டுகிறது, ஹெச்டிஎல்லை 4 கூட்டுகிறது என்றது அது. நல்ல கொழுப்பும்தான் கூடுகிறதே என்று சொல்பவர்கள் உண்டு. ஹெச்டிஎல்லை மருந்தால் ஏற்றிப் பார்த்த பெரிய சோதனைகளில் அதனால் மாரடைப்பு குறையவில்லை. ஆகவே அந்த 4ஐ வைத்து 10ஐக் கழிக்க முடியாது. எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கொச்சியில் 200 இதய நோயாளிகளை இரண்டு வருடம் வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2016ல் வெளிவந்தது. தேங்காய் எண்ணெய்க்காரர்களுக்கும் சூரியகாந்திக்காரர்களுக்கும் அதில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவர்கள் இதய நோய்க்கான வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள். வலுவான மருந்து உள்ளே போகும்போது எண்ணெயின் சின்ன வேறுபாடு வெளியே தெரியாமல் போவது இயல்பு. மருந்தில்லாமல் எல்டிஎல்லை இறக்கப் பார்க்கும் என்னைப் போன்ற ஆளுக்கு அந்த ஆய்வு ஆறுதல் தராது.

எந்த எண்ணெய்க்கு மாறுவது? நிறைகொழுப்பு கடலை எண்ணெயில் நூற்றுக்கு 20க்குள், நல்லெண்ணெயில் 15 அளவில், சூரியகாந்தியில் 11 அளவில். பாமாயிலில் 40க்கு மேல். சிப்ஸ் வறுப்பதற்கும் ரேஷனுக்கும் வருவது பெரும்பாலும் பாமாயில்தான். செக்கில் ஆட்டியதால் இந்த விகிதம் மாறாது. மணமும் ருசியும் கூடும், அவ்வளவே. மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் கொழுப்பை ஏற்றாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வனஸ்பதி பற்றி ஒரு சொல். அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்குள் அடக்கச் சட்டம் இருக்கிறது. இருந்தாலும் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பழம்பொரியையும் ரசவடையையும் நான் தினப்படி டீயிலிருந்து எடுத்துவிட்டேன்.

நாங்கள் செய்தது இது. அவியல், எரிசேரி, கடைசித் தாளிப்பு இவற்றுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய், மாதம் ஒரு லிட்டர். மற்றதற்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் சேர்த்து ஒரு லிட்டர். நாலு லிட்டர் இரண்டானது. மத்தியும் நெத்திலியும் குழம்பிலேயே போதும், பொரிப்பது வாரம் ஒரு தடவை. சாளை மீன் சாப்பிட்டால் கொழுப்பு கரையும் என்று ஊரில் சொல்வார்கள். மீன் கொழுப்பு ட்ரைகிளிசரைடுக்குத்தான் உதவும், எல்டிஎல்லை இறக்காது. இறைச்சிக்குப் பதிலாக மீன் வருவதால் கிடைக்கும் லாபம் தனி. அப்புறம், சிறுபயறு, கடலை, வெண்டைக்காய், கொய்யா என்று கரையும் நார்ச்சத்தைக் கூட்டினோம். நாளைக்கு 5 முதல் 10 கிராம் கூடினால் எல்டிஎல் சுமார் 5 சதவீதம் குறையும். முட்டையை நான் நிறுத்தவில்லை. உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைகொழுப்புதான் எல்டிஎல்லை அதிகம் ஏற்றுகிறது என்பது இப்போது தெளிவு. ஒரு முட்டைக்கும் ஒரு தட்டு பரோட்டா, பீஃப் வறுவலுக்கும் வித்தியாசம் நிறைய.

மரச்சீனிக் கிழங்கும் சம்பா சோறும் எல்டிஎல் விஷயத்தில் குற்றவாளிகள் இல்லை. ஆனால் அத்தான் மாதிரி ட்ரைகிளிசரைடும் சுகரும் உள்ளவர்களுக்கு அவற்றின் அளவுதான் பெரிய கேள்வி. நடைப்பயிற்சியும் அப்படித்தான். ட்ரைகிளிசரைடு, சுகர், பிரஷர் மூன்றுக்கும் நன்றாக உதவும். எல்டிஎல் மேல் அதன் பிடி கொஞ்சம்தான்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தால் 10 முதல் 15, சிலருக்கு 20 சதவீதம்வரை இறங்கும். சாப்பாட்டு வழியால் முடிந்தது அவ்வளவு.

மாத்திரை வழி

ஸ்டாட்டினின் தொடக்கம் ஜப்பானில். அகிரா எண்டோ என்பவர் 1970களில் பூஞ்சைகளில் தேடி முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். 1987ல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1994ல் இதய நோயாளிகள் 4,444 பேரிடம் நடந்த ஸ்காண்டிநேவியச் சோதனையில், மாத்திரை எடுத்தவர்களிடம் மரணமே 30 சதவீதம் குறைந்தது. எண் மட்டும் இறங்கவில்லை, உயிர் நின்றது. 26 சோதனைகளில் 1,70,000 பேரின் விவரங்களைச் சேர்த்து 2010ல் வந்த முடிவு இன்னும் தெளிவு: எல்டிஎல் 39 குறையும் ஒவ்வொரு தடவையும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 22 சதவீதம் குறைகின்றன. அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமே எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கும். 40 மில்லிகிராம் ஏறக்குறையப் பாதியாக்கும்.

இங்கேதான் எங்கள் இருவரின் பாதையும் பிரிகிறது. ஒரு கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம். அத்தானைப் போன்ற 100 பேரில் 20 பேருக்குப் பத்து வருடத்தில் மாரடைப்பு வரும், என்னைப் போன்ற 100 பேரில் 2 பேருக்கு வரும். எல்டிஎல்லில் 75ஐக் குறைத்தால் இரு பக்கமும் ஆபத்து சுமார் 40 சதவீதம் குறையும். அத்தான் பக்கம் 8 பேர் தப்புகிறார்கள். என் பக்கம் ஒருவர்கூட முழுசாக இல்லை. மருந்து ஒன்றுதான், குறையும் சதவீதமும் ஒன்றுதான். ஆனால் கிடைக்கும் லாபம் பத்து மடங்கு மாறுகிறது. சுகரும் 40 வயதும் சேர்ந்தாலே மாத்திரையைத் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், எல்டிஎல் 190ஐத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு முதலில் சாப்பாட்டைத் திருத்திப் பார்க்கலாம் என்ற வாய்ப்பே கிடையாது. 190க்கு மேல் என்றால் பரம்பரைக் கோளாறு இருக்கலாம், கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

அத்தானின் பயங்களை ஒவ்வொன்றாக டாக்டரிடம் கேட்டோம். தசை வலி வருமாமே? சிலருக்கு வரும். ஆனால் பக்கவிளைவு என்று ஸ்டாட்டினை விட்ட 60 பேரை எடுத்து, ஒரு மாதம் உண்மை மாத்திரை, ஒரு மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, ஒரு மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்த ஒரு சோதனை 2020ல் வெளியானது. ஸ்டாட்டின் மாதத்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரை மாதத்திலும் வந்தது. வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. வலி உண்மை, காரணம் பெரும்பாலும் வேறு. கடுமையான தசை வலியோடு சிறுநீர் கறுத்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். அது மிக அரிது. சுகர் ஏறுமா? கொஞ்சம் ஏறலாம், விளிம்பில் நிற்பவர்களுக்கு. அதைவிட இதயத்துக்குக் கிடைக்கும் காவல் பெரிது. ஆயுசுக்கும் விடாதா? விடலாம். ஆனால் விட்டால் எல்டிஎல் பழைய இடத்துக்கே போகும். மாத்திரை உடம்பைப் பழக்கப்படுத்திவிட்டதால் அல்ல, உடம்பின் இயல்பான அளவே அதுதான் என்பதால்.

என் பக்கத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் ஸ்டாட்டின் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். பொதுவாக அந்தக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள். எனக்குத் தைராய்டு பரிசோதனையும் எழுதினார். தைராய்டு குறைந்தாலே எல்டிஎல் ஏறும், அதைச் சரிசெய்தால் கொழுப்பும் தானாக இறங்கும். எனக்கு அது சரியாகவே இருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறவர்கள், 50 வயது, சுகர் இல்லை, பிரஷர் லேசாக உண்டு என்பது போன்றவர்கள், இதயக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்கும் சிடி ஸ்கேன் பற்றிக் கேட்கலாம். முடிவெடுக்கத் திணறும் இடத்தில் அது உதவும். லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரம்பரைக் கொழுப்பை வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்த்துவிடச் சொல்கிறது 2024ல் வந்த இந்திய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டி.

மூன்றாவது வழி என்று சொல்லப்படுவது

பூண்டுப் பால், வெந்தயத் தண்ணீர், ஆன்லைனில் விற்கும் பொடிகள். பூண்டுக்கு லேசான பலன் உண்டு, வெந்தயத்தில் நார்ச்சத்து உண்டு. சாப்பாட்டில் சேர்க்கலாம். அத்தானின் இடத்தில் இருப்பவர் மாத்திரைக்குப் பதிலாக அவற்றை நம்பி ஒரு வருடம் இழப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொடிக்காரர் அந்த வருடத்தைத் திருப்பித் தர மாட்டார்.

எங்கே போவது என்பதும் எங்கள் பக்கத்தில் ஒரு கேள்விதான். எது என்றாலும் திருவனந்தபுரம் என்று கிளம்புவது பழக்கம். கொழுப்புப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் அதற்குத் தேவையே இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசித் தொடங்கலாம், முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் ஜெனரிக் மாத்திரையைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். நெஞ்சு வலி வந்தால் கதை வேறு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியா திருவனந்தபுரமா என்று வீட்டுத் திண்ணையில் பேசும் நேரம் இதயத் தசை சாகும் நேரம். ஈசிஜி எடுக்கும் இடம் எது பக்கமோ அங்கே முதலில் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2023ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கூடவே அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி அதற்கு அடுத்த படி.

மூன்று மாதம் கழித்து என் எல்டிஎல் 139. பதினைந்து சதவீதம் இறக்கம், மாத்திரை இல்லாமல். 100க்குக் கீழே வர வேண்டியதுதான், இன்னும் வரவில்லை. ஆனாலும் என் வயதுக்கும் மற்ற நிலைக்கும் இதே வழியில் போகலாம், வருடம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அத்தானுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம், கூடவே அதே சாப்பாட்டு மாற்றம். ஆறு வாரத்தில் 88. அவருக்கு இலக்கு 70க்குக் கீழே. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும் என்பதால், குடல் வழியாகக் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமைப் மாத்திரையைச் சேர்த்தார். அடுத்த ரிப்போர்ட்டில் 68.

இப்போது அக்காவின் கவலை மகன் மேல். 19 வயது, திருவனந்தபுரத்தில் படிக்கிறான், ஹாஸ்டல் சாப்பாடு. முதல் கொழுப்புப் பரிசோதனையை 18 வயதிலேயே எடுக்கச் சொல்கிறது அதே 2024 வழிகாட்டி. தாத்தா 52ல் போன வீடு அது. ஓண லீவுக்கு அவன் வந்ததும் அதே லேபுக்குக் கூட்டிப்போவதாக அத்தானே சொல்லியிருக்கிறார்.